ஒரு தேக்கரண்டி பாரம்

எங்கள் முப்பத்துச் சொச்சம் வருட இல்லறத்தில் தீராத வழக்குகள் இரண்டு. மீன் குழம்புக்குப் புளிப்பாகப் பழப்புளி விடுவதா, கொறுக்காய் போடுவதா என்பது ஒன்று. மனிதர்கள் பூமியை விட்டு விழாமல் நிற்பது எதனால் என்பது மற்றது. முதல் வழக்கில் நான் எப்போதோ தோற்றுவிட்டேன். சமைப்பது அவள், ஆகவே தீர்ப்பும் அவளுடையது. இரண்டாவதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

என் கட்சி எளிமையானது. பூமி சுற்றுகிறது, சுற்றுகிற வேகத்தில் நம்மைப் பிடித்து வைத்திருக்கிறது, சுற்றுவது நின்றால் ஆட்களும் ஆடுமாடும் கழன்று போகவேண்டியதுதான். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. கண்ணால் கண்டது. பள்ளிக்கூட நாட்களில் கார்னிவலில் மரணக் கிணறு பார்த்தேன். பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிளைப் படுக்கைவாட்டில் ஓட்டிக்கொண்டு ஒருவன் சுற்றிச் சுற்றி வந்தான். வேகம் இருக்கும்வரை அவன் விழவில்லை. வீட்டுக்கு வந்து வாளியில் தண்ணீர் நிரப்பிக் கையை வீசிச் சுற்றிப் பார்த்தேன். வாளி தலைக்கு மேலே கவிழ்ந்து போகும்போதும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

நான் துறைமுகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள். கலியாணமான புதிதில் கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். ஒரு பின்னேரம் கடற்கரையில் நடந்துவிட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. எங்களிடம் ஒரு குடைதான் இருந்தது. அது இருவருக்கும் காணாது என்று ஸ்டேஷன் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். ரயிலும் வரவில்லை, மழையும் விடவில்லை. புது மனைவியிடம் அறிவாளி என்று பெயர் எடுக்கும் ஆசையில் நான் வாயைக் கொடுத்தேன். என் கொள்கையை மரணக் கிணறு, வாளி சகிதம் எடுத்துச் சொன்னேன்.

அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்ப பூமி இன்னும் வேகமாச் சுத்தினா எங்களுக்குப் பாரம் கூடுமெண்டு சொல்லுறீங்கள்?" என்றாள்.

"ஓம். வேற என்ன?"

நனைந்த குடையை விரித்துத் தோளில் சாய்த்தாள். பிடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒரு உருட்டு உருட்டினாள். குடை சுழன்றது. அதிலிருந்த தண்ணீர் எல்லாம் என் சட்டையிலும், பக்கத்தில் நின்ற ஒருவரின் பத்திரிகையிலும் வந்து விழுந்தது.

"பிடிச்சதோ, எறிஞ்சதோ?"

"வாளி எறியேல்லைத்தானே?"

"வாளியில தண்ணி உள்ளுக்கு நிக்குது. நாங்கள் என்ன, பூமிக்கு உள்ளுக்கோ நிக்கிறம்? வெளியில நிக்கிறம். குடையில நிண்ட தண்ணி மாதிரி."

பத்திரிகைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உள்ளுக்கும் மழைதான் போல" என்று தள்ளிப் போனார். அவள் கவனிக்கவில்லை. இரண்டு கைகளாலும் ஒரு உருண்டையைப் பிடித்திருப்பதுபோல் வைத்துக்கொண்டு விளக்கத் தொடங்கிவிட்டாள். பூமி நம்மை இழுப்பது அது அவ்வளவு பெரிய பொருள் என்பதால். அதற்குச் சுற்றவேண்டிய அவசியமே இல்லை. சுற்றுவது அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தத்தான் செய்கிறது. பூமியின் இடுப்பில் இருப்பவர்களுக்குத் தளர்ச்சி கூட, உச்சியில் நிற்பவனுக்கு இல்லவே இல்லை. அவன் நின்ற இடத்தில் மெதுவாகத் திரும்புகிறான், அவ்வளவுதான்.

"சுத்துறது நிண்டா நாங்கள் பறக்கமாட்டம்" என்று முடித்தாள். "இன்னும் கொஞ்சம் பாரமா நிப்பம்."

"குடை வேற, பூமி வேற" என்றேன்.

அன்றைக்குப் பிடித்தது, பிறகு விடவேயில்லை. பிள்ளை பிறந்து வளர்ந்தது, வாடகை வீடு போய்ச் சொந்த ஃபிளாட் வந்தது, இருவருக்கும் தலை நரைத்தது, வழக்கு மட்டும் அப்படியே இருந்தது. பார்மசி வாசலில் நான் தராசில் ஏறி நின்று முகம் சுளித்தால், "பூமி இண்டைக்கு வேகமாச் சுத்துதாக்கும்" என்பாள். வேகமாகச் சுற்றிச் சுற்றி ஒரு நாள் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிகிற அளவுக்கு வந்தால் காலி வீதியில் நிற்கும் சனம் எல்லாம் மிதக்கத் தொடங்கும் என்று ஒருமுறை சொன்னாள். நல்லது, பஸ்ஸுக்கு நிற்கத் தேவையில்லை என்றேன். உண்மையைச் சொன்னால், இடையில் எங்கேயோ அவள் சொல்வது சரியாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. ஆனால் ஒத்துக்கொண்டால் அந்த இரண்டு கைகளும் உருண்டையைப் பிடிப்பதைப் பிறகு எப்படிப் பார்ப்பது? எனக்கு அவளுடைய அந்தக் கைகள் மிகவும் பிடிக்கும்.

எங்களுக்கு ஒரே மகள். கலியாணம் செய்து நோர்வேக்குப் போனவள். பல வருடங்கள் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. தங்கியபோதும் இரண்டு தரம் இடையில் போனது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பகிடி பண்ணவில்லை. மூன்றாம் தரம் ஐந்து மாதம் தாண்டிய பிறகுதான் எங்களிடமே சொன்னாள். பிள்ளைப்பேற்றுக்கு இருவரும் போவதென்று டிக்கெட் போட்டோம். மனைவி பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சரக்கு வறுத்து, இடித்து, அரித்து, வீடு முழுக்கக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் மணக்க உலாவினாள்.

அந்த நேரம் பார்த்து என் வலக்கண்ணில் திரை விழுந்தது. உண்மையிலேயே ஒரு கறுப்புத் திரை ஓரத்திலிருந்து இறங்கிவருவதுபோல் இருந்தது. விழித்திரை கழன்றுவிட்டது, உடனே ஒப்பரேசன் என்றார்கள். பழையபடி ஒட்டவைத்து, அது விலகாமல் இருக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை அடைத்துவிட்டார்கள். குமிழி தானாகக் கரைய ஒன்றரை, இரண்டு மாதம் எடுக்கும். அதுவரை விமானம் ஏறக்கூடாது. உயரத்துக்குப் போனால் குமிழி வீங்கிக் கண்ணைக் கெடுத்துவிடும். மலைமேலுள்ள நுவரெலியாவுக்குக்கூடப் போகக்கூடாது என்றார் டாக்டர். எங்கள் டிக்கெட் அதற்குப் பிறகுதான் இருந்தது. ஆகவே பெரிதாகக் கவலைப்படவில்லை.

முதல் சில நாட்கள் குப்புறவே கிடக்கவேண்டும். குமிழி மேல்நோக்கிப் போகும், முதுகு மேலே இருந்தால்தான் அது விழித்திரையில் போய் அழுத்தும். நான் கட்டிலில் கவிழ்ந்து தலையை விளிம்புக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையின் ஓடுகள்தான். இரண்டாம் நாள் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு வந்து அந்தத் தரையிலேயே மல்லாக்கப் படுத்துக்கொண்டாள். என் முகத்துக்கு நேர் கீழே அவள் முகம். அப்படிக் கிடந்தபடியே பத்திரிகை வாசித்துச் சொன்னாள், பக்கத்து ஃபிளாட் புதினம் சொன்னாள், கொய்யாப்பழம் வெட்டி ஊட்டினாள். எங்கள் வயதில் இவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் யார் பார்க்கிறார்கள்? எனக்கு அந்தக் கண் வருத்தம் கொஞ்சம் நீடித்தாலும் நல்லது என்றுகூடத் தோன்றியது.

குப்புறப் படுக்கை முடிந்து நான் எழும்பி நடமாடத் தொடங்கிய சில நாளில் மருமகனிடமிருந்து அழைப்பு வந்தது. பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. பிறக்கவேண்டிய நேரத்துக்கு இரண்டு மாதத்துக்கும் மேலாக முந்திவிட்டது. ஒரு கிலோ நானூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மகளுக்கும் இரத்த அழுத்தம் கூடிச் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். மருமகன் நல்ல பிள்ளை, திடமானவன். அன்றைக்கு ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொன்னான்.

மனைவி கதிரையில் இருந்துவிட்டாள். என்னையும் பார்த்தாள், வறுத்துக் கட்டி வைத்திருந்த சரக்குப் பொதிகளையும் பார்த்தாள்.

"உங்களை இந்தக் கண்ணோட விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?"

"நீர் போகாட்டி நான் இந்தக் கண்ணோட பிளேன் ஏறுவன். எது வேணும்?"

டிக்கெட்டை மாற்றி மறுநாளே அவள் போனாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். என்னைக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த என் தங்கச்சி கையோடு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய பிள்ளைகளும் வெளிநாட்டில்தான். தனியாக இருப்பவளுக்கு என்னை மேய்ப்பது ஒரு வேலையாகப் போயிற்று. அவள் வீட்டில் காலையில் ஒரு பக்கம் மாதா கோயில் மணி, மறுபக்கம் பிள்ளையார் கோயில் மணி. நடுவில் அவளுடைய குரல். "அண்ணா, குனியாதைங்கோ. அண்ணா, தூக்காதைங்கோ. அண்ணா, மருந்து விட்டாச்சோ?"

நோர்வேயில் காலையில் பிள்ளையை நிறுப்பார்கள். நிறுத்ததும் மனைவி அழைப்பாள். எங்களுக்கு அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு தங்கச்சியும் நானும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம். வீடியோவில் கண்ணாடிப் பெட்டியைக் காட்டுவாள். எனக்கு ஒரு கண்தான் தெரியும்; மற்றக் கண்ணில் குமிழியின் விளிம்பு ஒரு கோடாகத் தளும்பிக்கொண்டிருக்கும். தெரிந்த கண்ணாலும் குழாய்களைத்தான் பார்த்தேன். பிள்ளையைவிடக் குழாய்கள் அதிகம். மூக்கில் ஒன்று, வாயில் ஒன்று, காலில் ஒரு சிவப்பு வெளிச்சம். குறைமாதப் பிள்ளைகள் சில நேரம் மூச்சு விட மறந்துவிடுமாம். தாதி வந்து உள்ளங்காலைச் சுண்டினால் நினைவு வந்து விடுமாம். அதைக் கேட்ட நாள் நான் சோற்றில் கை வைக்கவில்லை.

மூச்சு மறக்காமல் வரவேண்டும், குழாய் இல்லாமல் பால் குடிக்கவேண்டும், பாரம் ஏறவேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு விடுவார்கள். முதல் இரண்டும் எங்களுக்கு எட்டாத விஷயம். பாரம் ஒன்றுதான் கையில் பிடிக்கக்கூடியதாக இருந்தது. நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம். அதுவோ ஏறாமல் இறங்கியது. ஒன்று முந்நூற்று எண்பது. ஒன்று முந்நூற்று முப்பது. ஒன்று முந்நூறுக்கும் கீழே. எல்லாப் பிள்ளைகளும் முதலில் இறங்கித்தான் ஏறும் என்று டாக்டர்கள் சொன்னதாக மனைவி சொன்னாள். படிப்பிக்கிற குரலில் சொல்லப் பார்த்தாள். வரவில்லை.

ஒரு மத்தியானம், "நேற்றைய அளவுதான்" என்றாள். மகள் பக்கத்தில் படுத்திருக்கிறாள், கதைக்கமாட்டாளாம். தங்கச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். எனக்கு எதையாவது கேட்கவேண்டும் போல் இருந்தது. பழைய வழக்கைத் தவிர ஒன்றும் வாயில் வரவில்லை.

"உம்மட கணக்குப்படி, அங்க பூமி பிடிக்கிறது எப்பிடி? இஞ்சத்தையைவிடக் கூடவோ, குறைவோ?"

"இதுவோ இப்ப கேக்கிற கேள்வி?"

"சொல்லுமன்."

கைபேசியை எதிலோ சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது. அவளுடைய இரண்டு கைகளும் திரைக்குள் வந்தன.

"கூட" என்றாள். "நீங்கள் இருக்கிற இடம் பூமத்தியரேகைக்குக் கிட்ட. அங்க நிலம் பெரிய வட்டமாச் சுத்தவேணும், அதால வேகமா ஓடுது, சனத்தைக் கொஞ்சம் வெளியில தள்ளப் பாக்குது. இஞ்ச வடக்கில வட்டம் சின்னன், வேகம் குறைவு. தள்ளுறது குறைய, பிடி கூட. அதோட, சுத்திச் சுத்திப் பூமிக்கும் இடுப்பு கொஞ்சம் பருத்துப்போச்சு. உங்களை மாதிரி. அதால கொழும்பு நடுவில இருந்து இன்னும் கொஞ்சம் தூரம். அதுவும் சேரும்."

"சின்னவளுக்கு எவ்வளவு வித்தியாசம் வரும்?"

அவள் கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தாள். "அஞ்சாறு கிராம். ஒரு தேக்கரண்டி சீனி."

ஒரு தேக்கரண்டி. நான் அதை நினைத்துப் பார்த்தேன். எங்கேயோ ஒரு குளிர்ந்த ஊரில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், பூமி எங்கள் பிள்ளையைக் கொழும்பில் பிடிப்பதைவிட ஒரு தேக்கரண்டி இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதில் எனக்கு வந்த ஆறுதலை விளங்கப்படுத்த முடியாது. உடனே இன்னொன்றும் உறைத்தது. என் கொள்கை சரியென்றால், அதாவது சுற்றுகிற வேகம்தான் பிடிக்கிறதென்றால், வேகம் குறைந்த வடக்கில் பிடி தளர்ந்திருக்கவேண்டும். எங்கள் பிள்ளை அங்கே கொழும்பைவிட லேசாக, கழன்று போவதற்குக் கிட்டத்தில் கிடக்கவேண்டும். முப்பத்துச் சொச்சம் வருடம் கட்டிக் காத்த கொள்கையை அந்த நிமிடத்தில் நான் கைவிட்டேன். எனக்கு அது வேண்டாம்.

"நீர் சொல்லுறதுதான் சரி" என்றேன்.

"என்னது?"

"சுத்துறதால இல்லை. நீர் சொன்னதுதான் சரி."

திரையில் அவளுடைய கைகள் அப்படியே நின்றன. "என்ன, கண்ணோட சேத்து மூளையையும் ஒப்பரேசன் செய்தவையோ?" என்றாள். பகிடியாகத்தான் தொடங்கினாள். பாதியில் அழத் தொடங்கிவிட்டாள். போய் இறங்கியதிலிருந்து அவள் அழவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். மகள் எழும்பி வந்து தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா சொன்னீங்கள் அம்மாக்கு?" என்று கேட்டாள். மகளின் குரலைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு பாரம் ஏறத் தொடங்கியது. நான் ஒத்துக்கொண்டதால் ஏறியது என்று சொல்ல வரவில்லை, ஏறவேண்டிய நேரம் வந்தது, ஏறியது. பிறந்த அளவைத் தாண்டி, ஒன்றரையைத் தாண்டி, ஒன்று எழுநூறு வந்தபோது கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் திறந்த தொட்டிலில் போட்டார்கள். தங்கச்சி முதலிலேயே பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தாள். பிள்ளை பெட்டியை விட்டு வெளியே வந்தால் அதன் பாரத்துக்குச் சீனி கொடுப்பதென்று. அன்று பின்னேரமே என்னையும் கூட்டிக்கொண்டு சந்தியிலிருந்த கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், அவளுக்குப் பல வருடப் பழக்கம், 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, ஒரு கிலோ எழுநூறு சீனி. சரியா நிறுங்கோ, நேர்த்திக்கு."

அவர் எலக்ட்ரிக் தராசில் உறையை வைத்து அள்ளிப் போட்டார். எண் சரியாக வந்து நின்றது. முடிச்சுப் போடப்போனவரை நான் மறித்தேன்.

"இன்னும் ஒரு தேக்கரண்டி போடுங்கோ."

"ஏன், தராசு சரியாத்தானே காட்டுது?"

"தராசில பிழையில்லை. பிள்ளையை நிறுத்தது நோர்வேயில. அங்க பூமி இழுக்கிறது கூட. இஞ்ச பூமி வேகமாச் சுத்துறதால சாமான் கொஞ்சம் லேசு. அந்தப் பாரம் இஞ்ச வரவேணுமெண்டால் ஒரு தேக்கரண்டி கூடப் போடவேணும்."

கடையில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தங்கச்சி, "அண்ணாக்குக் கண்ணில ஒப்பரேசன் செய்தது" என்று அவசரமாகச் சொன்னாள். பெரியவர் சிரிக்கவில்லை. கரண்டியை எடுத்தார்.

"எங்கட புள்ளைக்குத்தானே, மாத்தயா. ரெண்டாப் போடுறன், கெடக்கட்டும்."

"இல்லை, ஒண்டு. கணக்கு ஒண்டுதான்."

மறுநாள் மத்தியானம் பெருமையோடு மனைவிக்குச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கடவுளே. இஞ்சத்தைத் தராசை இஞ்ச வைச்சுச் சரிபாத்திருப்பினம், அங்கத்தையை அங்க வைச்சு. ஒரு கிலோ எழுநூறெண்டால் ரெண்டு இடத்திலயும் அதேதான். இழுவைதான் வேற, பொருள் ஒண்டுதான். ஒண்டில் முழுக்கப் பிழையா விளங்குவீங்கள், இல்லாட்டி முழுக்க விளங்கிப்போட்டுப் பிழை விடுவீங்கள்." அவள் சிரித்தாள். பின்னால் மகளும் சிரித்தாள்.

நாலைந்து நாள் கழித்து மத்தியானம் அழைப்பு வரவில்லை. சோறு ஆறியது. நான் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே போனது. பின்னேரம் மருமகன் ஒரே ஒரு வரி அனுப்பினான். பிள்ளைக்குக் காய்ச்சல், கிருமி தொற்றியிருக்கிறது, திரும்பப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், பிறகு எடுக்கிறேன்.

தங்கச்சி சுவாமிப் படத்துக்கு முன்னால் இருந்து எழும்பவில்லை. இருட்டுப் பட்ட நேரம் என் பக்கம் திரும்பினாள். "நேர்த்தியில குறையவும் கூடாது, கூடவும் கூடாது. நான் வைச்சது பிள்ளையின்ர பாரம். நீங்கள் ஏன் கணக்கை மாத்தினீங்கள்?"

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. பிள்ளையார் ஒரு தேக்கரண்டி சீனிக்குக் கோபிக்கிற ஆளென்றால் அவருக்கு எதற்கு நேர்த்தி என்று கத்தினேன். கத்திவிட்டு அறைக்குள் போய்ப் பயணப் பையை எடுத்தேன். நேரே விமான நிலையத்துக்குப் போவதென்று முடிவு செய்திருந்தேன். கண் போனால் போகட்டும், எனக்கு இன்னொன்று இருக்கிறது. குமிழியின் கோடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, ஆனால் போகவில்லை. தங்கச்சி வாசலில் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையைப் பிடுங்கவில்லை.

"அண்ணா, அவையள் ஏற்கெனவே ஒரு ஆளுக்காக ஆஸ்பத்திரியில நிக்கினம். ரெண்டாவது ஆளும் வேணுமோ?"

அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து இருந்தாள். கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, சொன்னதற்கு அவளும் கேட்கவில்லை. பாண் வாங்கிச் சம்பலோடு கொண்டுவந்து கையில் தந்தாள், சாப்பிட்டேன்.

மறுநாள் அழைப்பு வந்தது. காய்ச்சல் இறங்குகிறது. அதற்கடுத்த நாள் மருந்து வேலை செய்கிறது. பாரம் மறுபடி குறைந்திருந்தது. பழையபடி ஏறத் தொடங்கினோம். நாங்கள் ஏறினோம் என்றுதான் சொல்லவேண்டும். அவள் பத்துக் கிராம் ஏறினால் கொட்டாஞ்சேனையில் இரண்டு பேருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். ஒன்று எண்ணூறு. ஒன்று தொள்ளாயிரம். மூக்குக் குழாய் போய்விட்டது. முகம் தெரிந்தது. என் மனைவியின் நாடி, என் துரதிர்ஷ்டவசமான காதுகள். இரண்டு கிலோவைத் தாண்டிய அன்று தங்கச்சி தெருவிலே போன மீன்காரரைக் கூப்பிட்டு அறக்குளா வாங்கினாள். இந்த முறை எங்கேயும் ஒரு தேக்கரண்டி கூடப் போடாதைங்கோ என்று என்னை எச்சரித்தாள்.

பிறகு ஒரு நாள் வழக்கமான நேரத்துக்கு அழைப்பு வரவில்லை. தங்கச்சியும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மேசையில் இருந்தோம். சோற்றை மூடி வைத்தாள். ஒரு மணித்தியாலம் போனது. இன்னும் கொஞ்சம் போனது. கைபேசி அடித்தபோது தங்கச்சிதான் அழுத்தி என் காதில் வைத்தாள். வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"இஞ்சேருங்கோ" என்றாள் மனைவி. மிக மெதுவாக, இரகசியம் பேசுவதுபோல்.

"எவ்வளவு இண்டைக்கு?"

"இண்டைக்கு நிறுக்கேல்லை."

"ஏன்? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. வீட்டை கொண்டுவந்திட்டம். விடியவே போகச் சொல்லிப்போட்டினம், ஆஸ்பத்திரித் துண்டு வெட்டி வர இவ்வளவு நேரம். இஞ்ச வீட்டில தராசு இல்லை." மூச்சு வாங்கினாள். "மகள் படுத்திட்டாள். சின்னவள் என்ர கையில கிடந்து நித்திரை. அதுதான் சத்தமாக் கதைக்கேலாமல் இருக்கு."

தங்கச்சி என் தோளைப் பிடித்து உலுக்கி, என்ன, என்ன என்று வாயசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குச் சொல்லவேண்டும். கண்ணில் மருந்து விடுவதுபோல் தண்ணீர் ஓடியது, இரண்டு கண்ணிலும்.

"பாரமா இருக்கிறாளோ?" என்று கேட்டேன்.

அவள் கிராம் சொல்லவில்லை. "கை உளையுது" என்றாள். "அரை மணித்தியாலமா உளையுது. தொட்டில் பக்கத்திலதான் கிடக்கு. கீழ வைக்க மனம் வருகுதில்லை."

"அப்ப, வைக்காதையும்" என்றேன்.